பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றினால் கட்டுமானச் செலவு கூடத்தானே செய்கிறது?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது: சின்ன ஒப்பந்தங்கள் எடுத்துச் செய்கிறீர்கள், விதிகளை முழுதாகப் பின்பற்றினால் டெண்டர் தொகை கூடி வேலை கைநழுவிப் போகிறது, விபத்து என்றைக்கோ ஒருநாள் நடப்பது, அதற்காக தினமும் இவ்வளவு செலவு தேவையா என்று கேட்கிறீர்கள்.

நான் பதினான்கு வருடமாக சைட்டில் இருக்கிறேன். முதலில் சூப்பர்வைசர், இப்போது பாதுகாப்பு அலுவலர். ஆரம்ப வருடங்களில் நானும் உங்களைப் போலத்தான் கணக்குப் போட்டேன். அதை மாற்றியது ஒரு பிளைவுட் பலகை.

ஐந்தாவது மாடி ஸ்லாபில் குழாய்கள் ஏறுவதற்காக ஒரு திறப்பு விட்டிருந்தோம். ஓர் ஆள் தாராளமாக உள்ளே போகிற அளவு. மேலே பிளைவுட் போட்டு மூடினோம். 'மூடப்பட்டது' என்று பதிவேட்டில் என் கையாலேயே எழுதினேன். ஆனால் பலகைக்கு ஆணி அடிக்கவில்லை, அதன் மேல் ஒன்றும் எழுதவும் இல்லை. மறுநாள் காலை சென்ட்ரிங், அதாவது காங்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கும் வேலை செய்யும் ஒருவர் பலகை தேடி அந்தப் பக்கம் வந்தார். அவர் கண்ணுக்கு அது சும்மா கிடக்கிற நல்ல பலகை. குனிந்து இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். பலகை அவர் காலடியை மறைத்துவிட்டது. ஒரே ஒரு எட்டுத்தான் வைத்தார்.

கீழ்த் தளத்துக்கு மூன்று மீட்டர்தான் இருக்கும். இரண்டு குதிகால் எலும்பும் நொறுங்கின. முதுகெலும்பில் ஒன்று அமுங்கிவிட்டது. நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவர் சொன்னது இதுதான்: "மத்தியானத்துக்குள்ள எழுந்துடுவேன் சார், இன்னைக்குக் கூலியைப் பிடிச்சுடாதீங்க."

சரி, அந்த நாளின் செலவைப் பார்ப்போம். மேல் தளத்துக்கு அன்றைக்குத்தான் காங்கிரீட். கலவை லாரிகள் இரண்டு வழியில் இருந்தன. கலந்த காங்கிரீட்டைச் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். இரண்டு லோடும் வீணாயின. பம்ப் சும்மா நின்றது, வாடகை மட்டும் ஓடியது. மொத்த கேங்கும் அன்று கைகட்டி நின்றது. விசாரணை முடியும்வரை மூன்று நாள் அந்தத் தளத்தில் யாரும் கால் வைக்கவில்லை. அவரோடு வந்த நான்கு பேர் அடுத்த வாரம் வேலைக்குத் திரும்பவே இல்லை. பதிலுக்கு வந்த புது ஆட்கள் அடித்த பலகையில் மட்டம் தவறி, ஒரு பீமைப் பிரித்து மறுபடி அடித்தோம். காப்பீடு கொடுத்தது மருத்துவமனைப் பில்லும் வேலை இழந்த நாட்களுக்கு ஒரு பங்கும் மட்டும். மற்றதெல்லாம் ஒப்பந்தக்காரர் பையிலிருந்து போனது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அது 'விபத்துச் செலவு' என்ற தலைப்பில் ஏறவில்லை. காங்கிரீட், வாடகை, கூலி, மறுவேலை என்று சிதறிப் போனது. அதனால்தான் விபத்து மலிவு என்ற எண்ணம் நமக்கு வருகிறது.

இதை முதலில் எண்ணால் சொல்லிப் பார்த்தவர் காப்பீட்டுத் துறையில் இருந்த அமெரிக்கர் ஹெர்பர்ட் ஹைன்ரிச். கண்ணுக்குத் தெரியும் ஒரு ரூபாய்க்குப் பின்னால் தெரியாத நான்கு ரூபாய் இருக்கிறது என்று 1931-இல் புத்தகமாகவே எழுதினார். அந்த நான்கு என்ற விகிதத்தை எல்லா சைட்டுக்கும் பொருத்தாதீர்கள், அது வேலைக்கு வேலை மாறும். சின்னக் காயத்துக்கும் வேலை நின்றுபோகலாம் என்பதால், மறைந்த பங்கு சின்ன விபத்துகளில்தான் இன்னும் அதிகம் என்பது என் அனுபவம்.

இதில் எங்குமே ஏறாத கணக்கு ஒன்று உண்டு. ஆறு மாதம் கழித்து அவர் பாக்கிப் பணம் வாங்க வந்தார். மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்று நின்று ஏறினார். குதிகால் நொறுங்கியவரால் ஏணியில் நிற்க முடியாது, குத்துக்கால் போட்டு உட்கார முடியாது. சென்ட்ரிங் வேலை இந்த இரண்டும்தான். அவர் மனைவி வேறொரு சைட்டில் சித்தாளாகச் சேர்ந்திருந்தார். அந்தப் பலகைக்கான செலவை நாங்கள் செய்யாததால் அந்தக் குடும்பம் செய்துகொண்டிருந்தது. நீங்கள் மிச்சம் பிடித்ததாக நினைக்கும் பணம் பெரும்பாலும் இப்படி இன்னொருவர் தலையில்தான் விழுகிறது.

அதைத் தடுக்க என்ன வேண்டியிருந்தது? பலகையின் அடியில் திறப்புக்குள் பொருந்துகிற மாதிரி இரண்டு ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்), நான்கைந்து ஆணி, ஒரு தூரிகை பெயின்ட். அமெரிக்கக் கட்டுமான விதி இந்த மூடியைப் பற்றிக் கேட்பது மூன்றே விஷயம்: மேலே வரக்கூடிய எடையைப் போல இரண்டு மடங்கைத் தாங்க வேண்டும், நகராமல் பிடித்திருக்க வேண்டும், அடியில் பள்ளம் இருப்பது மேலே எழுத்திலோ நிறத்திலோ தெரிய வேண்டும். விதிப் புத்தகத்தில் படித்தால் சலிப்பான வரிகள்தான். எங்கள் பலகை முதல் விஷயத்தில் தேறியது, மற்ற இரண்டிலும் தவறியது. இதைவிட நல்ல வழியும் இருக்கிறது. ஸ்லாப் கம்பியைத் திறப்பில் வெட்டாமல் வலையாகவே ஓடவிட்டு, குழாய் வரும் நாளில் வெட்டிக்கொள்ளலாம். பலகையைத் தூக்கினாலும் ஆள் விழமாட்டார். இதை வரைபடத்திலேயே குறித்துவிட்டால் கூடுதல் செலவு ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

அப்புறம், விதியைப் பின்பற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பணத்தை வீணாக்குவதும் நடக்கிறது. சேஃப்டி பெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் விழும் ஆளின் வயிற்றையும் முதுகையும் நசுக்கிவிடும். விழுபவரைத் தாங்க அதைப் பயன்படுத்துவதை அமெரிக்காவில் 1998-லேயே தடை செய்துவிட்டார்கள்; தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றிப் பிடிக்கும் முழு உடல் ஹார்னஸ்தான் வேண்டும். சரி, ஹார்னஸ் வாங்கியாயிற்று. 10 அடி உயரத்தில் நிற்பவர் தன் காலடியில் உள்ள கம்பியில் 6 அடிக் கயிற்றை மாட்டுகிறார் என்று வையுங்கள். ஹார்னஸில் கயிறு சேரும் முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை இன்னும் 5 அடி. ஆக 11 அடி. கயிறு இறுகுவதற்கு முன்பே கால் தரையில் மோதிவிடும். கயிற்றில் அதிர்வு தாங்கும் பகுதி விரிவதையும் பாதுகாப்பு இடைவெளியையும் சேர்த்தால், மாட்டும் இடத்துக்குக் கீழே சுமார் 18 அடி காலியாக இருக்க வேண்டும். அந்த உயரத்தில் ஹார்னஸை நம்புவதைவிட ஓரத்தில் கைப்பிடித் தடுப்பு கட்டுவதுதான் சரி. தடுப்பு ஒருமுறை கட்டினால் அந்தப் பக்கம் வருகிற எல்லாரையும் காக்கும். ஹார்னஸோ, அவரவர் ஞாபகமாக மாட்டினால் மட்டும் காக்கும்.

டெண்டர் விஷயத்துக்கு வருகிறேன். சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் 1933-இல் தொடங்கி 1937-இல் முடிந்தது. அந்தக் காலத்தில் பத்து லட்சம் டாலர் வேலைக்கு ஓர் உயிர் போகும் என்பதை எல்லாரும் சாதாரணமாகச் சொல்வார்கள். பாலத்தின் செலவு சுமார் 3.5 கோடி டாலர், அதாவது 35 உயிர். தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் அதை ஏற்கவில்லை. பாலத்துக்கு அடியில் வலை கட்டச் சொன்னார். அதற்கு ஆன செலவு சுமார் 1,30,000 டாலர். மொத்தத்தில் நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. அந்த வலையில் விழுந்து 19 பேர் உயிர் பிழைத்தார்கள். இறந்தவர்கள் 11 பேர். அவர்களில் 10 பேர் போனது 1937 பிப்ரவரி 17 அன்று, ஒரு பெரிய சாரம் அறுந்து விழுந்து வலையையும் கிழித்துக்கொண்டு போனபோது. சாரம் சரியாகப் பொருந்தவில்லை என்றால் எந்த வலையும் போதாது என்பதையும் அந்த நாள் காட்டியது.

உங்கள் டெண்டரில் பாதுகாப்பைச் சதுர அடி விலைக்குள் கரைக்காதீர்கள். தடுப்பு, மூடிகள், சாரத்தை நாள்தோறும் பார்வையிடும் ஆள், மின்கசிவு 30 மில்லியாம்பியரை எட்டினால் தானாக விழும் பிரேக்கர் வைத்த மின் பெட்டி எல்லாவற்றையும் தனி வரியாக எழுதுங்கள். தனி வரியாக இருந்தால் பேரத்தில் அது சத்தமில்லாமல் காணாமல் போகாது. கட்டடத்தின் சொந்தக்காரர் அதை வெட்டச் சொன்னால், எதை வெட்டச் சொல்கிறோம் என்று தெரிந்தே சொல்ல வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்து பலர் அந்த இடத்தில் தயங்கி விட்டுவிடுகிறார்கள்.

ஹெல்மெட், ஷூ விலையைக் கூலியில் பிடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1988-இல் கொண்டுவந்த 167-ஆம் உடன்படிக்கை, பாதுகாப்புக் கருவிகளைத் தொழிலாளிக்கு இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் அந்த இடத்தைவிட்டு விலக அவருக்கு உரிமை உண்டு என்றும் சொல்கிறது. கூலி போய்விடுமோ என்று பயப்படுகிறவர் அந்த உரிமையைப் பயன்படுத்த மாட்டார். பயந்து இறங்கி வந்தவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். அவர் பார்த்தது என்ன என்று போய்ப் பாருங்கள்.

அவசரம் பற்றியும் ஒரு வார்த்தை. 1978 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் வில்லோ ஐலண்டில் கட்டிக்கொண்டிருந்த குளிர்விப்புக் கோபுரம் சரிந்து 51 பேர் இறந்தார்கள். முந்தின நாள் போட்ட காங்கிரீட் போதிய பலம் பெறவில்லை, அதன் மேலேயே சாரம் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்லாபைத் தாங்கும் முட்டுக்கால்களை எப்போது பிரிப்பது என்று மேஸ்திரி உங்களை நெருக்கும் நாளில் காலண்டரைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள், கியூப் சோதனை (அதே காங்கிரீட்டில் வார்த்த கட்டியை நசுக்கிப் பலம் பார்ப்பது) முடிவைப் பார்த்துச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யக் கையில் பணம் இருக்காது, தெரியும். நான் என்றால் திறப்புகளிலிருந்தும் ஸ்லாப் ஓரங்களிலிருந்தும் தொடங்குவேன், ஏனென்றால் கட்டுமானத்தில் அதிக உயிரை எடுப்பது விழுதல்தான். நாளைக் காலை ஆட்கள் மேலே ஏறுவதற்கு முன் நீங்கள் ஒரு சுற்று வாருங்கள். தரையில் கிடக்கும் ஒவ்வொரு பலகையையும், அதன்மேல் ஏறாமல் ஓரமாக நின்று, காலால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால், அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஆணி கொண்டுவரச் சொல்லுங்கள்.