ஜெனோவாவில் கார் இல்லாமல் ஒரு வார இறுதி: கேள்வி பதில்

வெள்ளிக்கிழமை இரவு வந்திறங்கி ஞாயிறு மாலை ரயில் ஏறுவோர், கார் இன்றி இந்த இத்தாலியத் துறைமுக நகரை எப்படிப் பார்ப்பது என்று கேட்டு அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் இங்கே கப்பல் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன். ஊரின் சந்துகளைப் பற்றியும் மின்தூக்கிகளைப் பற்றியும் எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். விசா, விமானக் கட்டணம் முதலியவை என் எல்லைக்குள் வராதவை.

கேள்வி (மிலானில் படிக்கும் மாணவி): இரண்டு நாள் மட்டுமே இருக்கிறது ஐயா. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மேலிருந்து தொடங்குங்கள். மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் ஊர் இது. பக்கவாட்டில் பரவ இடமில்லாததால் மேல்நோக்கி அடுக்கடுக்காக வளர்ந்தது. அதனால்தான் மற்ற ஊர்களில் பேருந்து செய்யும் வேலையை இங்கே பொது மின்தூக்கிகளும், விஞ்ச் என்று நாம் அழைக்கும் இழுவை ரயில்களும் செய்கின்றன. கீழே துறைமுகத்தில் தொடங்கி மேலே ஏறுபவர்கள் பாதி வழியில் களைத்துப்போய், ஊர் முழுவதும் படிக்கட்டு என்று புலம்பித் திரும்புவார்கள்.

மிலானிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் பியாட்சா பிரின்சிபே நிலையத்தில் இறங்குவீர்கள். அங்கிருந்து வியா பால்பி தெருவில் சற்று நடந்தால் மோந்தெகல்லெத்தோ மின்தூக்கியின் வாயில் வரும். அதன் கூண்டு முதலில் மலைக்குள் குடைந்த சுரங்கத்தில் தண்டவாளத்தின் மீது ரயில்பெட்டியாக ஓடுகிறது. கோடியில் நின்று, பக்கவாட்டில் நகர்ந்து செங்குத்துக் குழிக்குள் பொருந்திக்கொண்டு, பிறகு மின்தூக்கியாக மேலே எழும்புகிறது. நீங்கள் கூண்டு மாற வேண்டியதில்லை. கதவு திறந்தால் கடற்பயணி கேப்டன் தால்பெர்த்திஸ் கட்டிய கோட்டை வீட்டின் அருகே நிற்பீர்கள். இன்று அது உலகப் பண்பாடுகளின் அருங்காட்சியகம்.

அங்கிருந்து மலையின் இடுப்பைச் சுற்றிச் செல்லும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சாலையில், பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் அரை மணி நேரம் நடந்தால் காஸ்தெல்லெத்தோ மேடை. பழைய நகரத்தின் சாம்பல் நிறக் கற்பலகைக் கூரைகள், அவற்றுக்கு அப்பால் துறைமுகத்தின் பளுதூக்கி இயந்திரங்கள், மேற்கே 1543இல் இன்றைய வடிவில் எழுந்த 77 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம் என்று எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். இதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினால்தான் சந்துகளில் திசை புரியும்.

இறங்குவதற்கு 1909இல் திறந்த காஸ்தெல்லெத்தோ மின்தூக்கி இருக்கிறது. அது உங்களைப் பொர்தெல்லோ சதுக்கத்தில் விடும். இரண்டு நிமிட நடையில் வியா கரிபால்டி. ஸ்பெயின் அரசருக்கே கடன் கொடுத்த வணிகர் குடும்பங்கள் பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து வரிசையாக எழுப்பிய மாளிகைகள் அந்தத் தெருவில் நிற்கின்றன. நகருக்கு வரும் அரசு விருந்தினரைத் தங்கவைக்கத் தகுதியான மாளிகைகளைப் பட்டியலிட்டு, சீட்டுக் குலுக்கி விருந்தோம்பும் பொறுப்பை ஒப்படைக்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது. அந்தப் பட்டியல்களில் இடம்பெற்றவற்றில் 42 மாளிகைகளை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. எல்லாவற்றுக்கும் நேரம் இராது. பலாஸ்ஸோ ரோஸ்ஸோ ஒன்றுக்குள் மட்டும் சென்று அதன் கூரை மேடை வரை ஏறுங்கள்.

மாலையில் காருஜ்ஜி எனப்படும் சந்துகள் வழியாகச் சான் லொரென்சோ தேவாலயத்துக்கு வாருங்கள். 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல் சுட்ட குண்டு ஒன்று சுவரைத் துளைத்து உள்ளே விழுந்தும் வெடிக்கவில்லை. அதன் மாதிரி வலப்புறத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது. அங்கிருந்து பழைய துறைமுகத்துக்கு ஐந்து நிமிடம்.

கேள்வி (முனிச்சிலிருந்து): சனிக்கிழமை ஜெனோவா, ஞாயிற்றுக்கிழமை சிங்க்வே தெர்ரே என்று திட்டமிட்டிருக்கிறோம். சரியா?

பதில்: முடியும், ஆனால் வேண்டாம். ஐந்து கடலோரக் கிராமங்களில் மிக அருகிலிருக்கும் மோந்தெரோஸ்ஸோவுக்கே ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். கோடைக்கால ஞாயிறுகளில் நடைமேடையில் நிற்கவே இடமிராது. அதே கடலையும் அதே வண்ண வீடுகளையும் கமோலி என்ற கடலோர ஊரில் பார்க்கலாம். ஜெனோவாவின் மற்றொரு ரயில் நிலையமான பிரின்யோலேவிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். அங்கிருந்து படகில் சான் ஃப்ருத்துவோசோ மடத்துக்குப் போங்கள். அந்தக் குடாவுக்குச் சாலையே கிடையாது. நடந்தோ படகிலோதான் சேர முடியும். அதன் கடலடியில் 1954இல் இறக்கிய கிறிஸ்து சிலை கைகளை மேலே விரித்து நிற்கிறது.

கேள்வி (சூரிக்கிலிருந்து, இரண்டு சிறு குழந்தைகளின் தாய்): மீன் காட்சியகம் மதிப்புள்ளதா?

பதில்: குழந்தைகளுக்கு ஆம், கட்டணம் அதிகம், முன்பதிவு செய்யுங்கள். 1992இல் கொலம்பஸ் நினைவுக் கண்காட்சிக்காக இவ்வூர்க்காரரான ரென்சோ பியானோ துறைமுகத்தை மாற்றியமைத்தபோது கட்டியது அது. பெரியவர்கள் மட்டும் வந்தால் அந்தப் பணத்தைக் கலாத்தா கடல் அருங்காட்சியகத்தில் செலவிடலாம். வாசலில் மிதக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குள்ளும் இறங்க முடியும்.

கேள்வி (சென்னையிலிருந்து): ஷெங்கன் விசாவுக்கு எத்தனை நாள் ஆகும்?

பதில்: தூதரகத்தைக் கேளுங்கள்.

கேள்வி (லண்டனிலிருந்து): நாங்கள் முட்டைகூடச் சேர்க்காத சைவம். பெஸ்தோவின் ஊர் என்பதால் கவலையில்லை என்கிறார்கள்.

பதில்: கவலைப்பட வேண்டிய இடமே பெஸ்தோ என்ற பச்சைத் துவையல்தான். துளசி இனத்துப் பசிலிக்கா இலை, பைன் பருப்பு, பூண்டு, ஆலிவ் எண்ணெய் என்பதோடு பட்டியல் முடிவதில்லை. பார்மிஜானோ பாலாடைக்கட்டியும் செம்மறி ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் சேரும். இவற்றைச் செய்யப் பாலைத் திரியவைக்கும் நொதி கன்று, ஆட்டுக்குட்டி ஆகியவற்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது. அதைப் பொருட்படுத்தாதவர்கள் தாராளமாக உண்ணலாம். பொருட்படுத்துபவர்களுக்கு உணவகத்தில் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

உங்களுக்கு உரியது ஃபரினாத்தா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, இவ்வளவுதான். அகலமான செம்புத் தட்டில் மெல்லியதாக ஊற்றி விறகு அடுப்பின் வாய்க்குள் தள்ளுவார்கள். மேலே பழுப்புப் புள்ளிகள் விழுந்து ஓரம் மொறுமொறுப்பானதும் இழுத்து, துண்டு போட்டு, மிளகு தூவித் தாளில் வைத்துத் தருவார்கள். ஆறினால் சுவை போய்விடும், நின்றுகொண்டே சாப்பிடுங்கள். காலையில் ஃபோகாச்சா என்ற தட்டை ரொட்டி, உள்ளூர்க்காரர்கள் அதைக் காப்பியில் முக்கி உண்பதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்.

கேள்வி (பாரிஸிலிருந்து): சிங்க்வே தெர்ரேவை அரை நாளில் முடிக்க இயலுமா?

பதில்: முனிச் அன்பருக்கு எழுதியதைப் படியுங்கள். அரை நாள் என்றால் இன்னும் வேண்டாம்.

கேள்வி (ஸ்டுட்கார்ட்டிலிருந்து): நாங்கள் நால்வர், என் பெற்றோர் எழுபதைக் கடந்தவர்கள், அம்மாவுக்கு மூட்டு வலி. மின்தூக்கி, சந்து, நடை என்றெல்லாம் எழுதுகிறீர்கள். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு வாடகைக் கார்தானே சரி?

பதில்: இந்தக் கேள்வி நியாயமானது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் தாயார் பார்க்க விரும்பும் இடங்களில் பெரும்பாலானவை கார் நுழைய முடியாத பழைய நகரத்துக்குள் இருக்கின்றன. பல சந்துகளில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். ஆகவே காரை எங்கோ ஓர் அடுக்கு நிறுத்தகத்தில் விட்டுவிட்டு, அங்கிருந்து அவரை நடக்கவைப்பீர்கள். தவறிப்போய் உள்ளே திருப்பினால் அனுமதி பெற்ற வண்டிகளுக்கு மட்டுமான எல்லைக்குள் போய்விடுவீர்கள். தடுப்புக் கம்பமோ காவலரோ இருக்க மாட்டார்கள், கேமரா மட்டும் இருக்கும். அபராதத்தாளை வெளிநாட்டு முகவரிக்கு அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. அதற்கு முன்பே, உங்கள் பெயரைக் காவல்துறைக்குத் தெரிவித்ததற்கான கட்டணத்தை வாடகை நிறுவனம் உங்கள் அட்டையில் எடுத்துக்கொள்ளும். இதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

மறு கேள்வி (ஸ்டுட்கார்ட் அன்பர்): அபராதக் கதை சொல்லி அச்சுறுத்துகிறீர்கள். நான் ரோமிலேயே ஓட்டியவன். வழிகாட்டும் செயலி எல்லையைக் காட்டிவிடும்.

பதில்: காட்டும். ஆனால் ரோம் பரந்த நகரம்; தவறினால் அடுத்த தெருவில் திரும்பிக்கொள்ளலாம். இங்கே சரிவிலும் சுரங்கத்திலும் ஒருவழிப் பாதைகள் அமைந்திருப்பதால், ஒரு திருப்பத்தை விட்டால் கடலோர மேம்பாலத்தில் ஏறி ஊரின் மறுகோடியில்தான் இறங்குவீர்கள். ஓட்டும் திறமையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, அன்பரே. வண்டி உங்களை எங்கே கொண்டுசேர்க்கும் என்பதுதான் கேள்வி.

இடையீடு (தூரினில் வசிக்கும் ஒருவர்): ஐயா சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. அந்த மின்தூக்கிகளும் இழுவை ரயில்களும் அடிக்கடி பராமரிப்புக்காக மூடப்படுகின்றன. முதியவர்களோடு வந்து, பூட்டிய கதவின் முன் நின்றால் என்ன செய்வது?

பதில்: மூடப்படுவது உண்மை; நூறாண்டைக் கடந்த பாதைகள் சில அவற்றில் உள்ளன. சந்தானா இழுவை ரயில் 1891இல் தொடங்கியபோது தண்ணீரின் எடையைக் கொண்டே இயங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். புறப்படும் முன் நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் அறிவிப்பைக் காலையில் ஒருமுறை பாருங்கள். மூடியிருந்தால் டாக்ஸியில் காஸ்தெல்லெத்தோ மேடைக்குச் செல்லச் சொல்லுங்கள். இரண்டு நாளில் இரண்டு மூன்று முறை டாக்ஸி எடுப்பது, வாடகை, நிறுத்தகம், எரிபொருள், சுங்கம் எல்லாம் சேர்ந்த தொகைக்கு அருகிலும் வராது. ஆகவே மின்தூக்கி பழுது என்பது டாக்ஸிக்குக் காரணமாகுமே தவிர வாடகைக் காருக்குக் காரணமாகாது.

மறு கேள்வி (ஸ்டுட்கார்ட் அன்பர்): சரி. அப்படியானால் அம்மாவுக்கு ஏற்ற ஒரு நாளைச் சொல்லுங்கள்.

பதில்: இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். பிரின்யோலேவிலோ தெ ஃபெர்ராரி சதுக்கத்துக்கு அருகிலோ தங்குங்கள். அங்கே தெருக்கள் அகலமும் சமதளமும் ஆனவை, மெட்ரோ இரண்டிலும் நிற்கும். காலையில் டாக்ஸியில் காஸ்தெல்லெத்தோ மேடை, அங்கிருந்து மின்தூக்கியில் இறக்கம், வியா கரிபால்டியில் கார் தொல்லையின்றி மெதுவான நடை. மதிய உறக்கத்துக்குப் பின் உள்ளூர் ரயிலில் நெர்வி. பிரின்யோலேவிலிருந்து கால் மணி நேரம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் அருகிலேயே கடல். பாறைகளின் மேல் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் செல்லும் கடலோர நடைபாதையில், முடிந்தவரை சென்று உட்கார்ந்து திரும்பலாம்.

கேள்வி (ஆம்ஸ்டர்டாமிலிருந்து): சிங்க்வே தெர்ரே பற்றி யாரும் கேட்கவில்லையே, அங்கே எப்படிப் போவது?

பதில்: ரயிலில். மற்றவை மேலே.

கேள்வி (பெர்லினிலிருந்து): எல்லோரும் போகும் இடங்களைத் தவிர, உங்களுக்குப் பிடித்தது எது?

பதில்: ஸ்தாலியேனோ கல்லறைத் தோட்டம். 1851இல் திறந்தது, பிரின்சிபேயிலிருந்து 34ஆம் எண் பேருந்து. முற்பகலிலேயே போய்விடுங்கள். பணக்காரர்களின் பளிங்குத் துக்கத்தைக் கடந்து மண்டபத்தில் நடந்தால் கத்தரீனா கம்போதோனிகோவின் சிலை வரும். திருவிழாக்களில் கொட்டைப் பருப்பு மாலைகளும் இனிப்பு வளையங்களும் விற்றுப் பிழைத்த பெண்மணி அவர். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து, ஒரேங்கோ என்ற சிற்பியைக் கொண்டு 1881இல், உயிரோடு இருக்கும்போதே, தம் சிலையைச் செதுக்கவைத்தார். விழாக்காலப் பட்டாடை, குஞ்சம் தொங்கும் சால்வை, கையில் அதே பருப்பு மாலை. சால்வையின் குஞ்சத்தை இழை இழையாகப் பிரித்துக் காட்டிய கல் அது. பிரபுக்களின் வரிசையில் இடம்பிடித்த அந்தச் சிலைக்கு முன் நிற்காமல் யாரும் கடந்துபோவதில்லை. இத்தாலிய ஒருங்கிணைப்புக்குப் போராடிய மாட்சீனியின் சமாதியும் இதே தோட்டத்தில் மேட்டின் மேல் இருக்கிறது. பாதி பேர் அதுவரை ஏறுவதில்லை.

கேள்வி (பிரசல்ஸிலிருந்து): இரவில் சந்துகள் பாதுகாப்பானவையா?

பதில்: மக்கள் நடமாடும் இடங்களில் அச்சமில்லை. வியா ப்ரே, மத்தலேனா பகுதிகளின் ஒதுக்குச் சந்துகளை நள்ளிரவில் தவிருங்கள். கைப்பேசியைப் பின்பையில் வைக்காதீர்கள்.

கேள்வி (ரோட்டர்டாமிலிருந்து): நவம்பர் முதல் வாரம் வருகிறோம். தட்பவெப்பம் எப்படி?

பதில்: குளிரைவிட மழையைக் கவனியுங்கள். செங்குத்தான மலைகளிலிருந்து சிற்றோடைகள் நேரே நகருக்குள் பாய்வதால் 2011 நவம்பரிலும் 2014 அக்டோபரிலும் வெள்ளம் உயிர்களைப் பலிகொண்டது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கை அறிவிப்பார்கள். சிவப்பு என்றால் சுற்றுலாவை மறந்து, விடுதியின் மேல்தளத்திலேயே இருங்கள். ஓடைக்கரையில் நின்று படம் எடுக்காதீர்கள்.

கேள்வி (வியன்னாவிலிருந்து): ரயில் சீட்டும் வேலைநிறுத்தமும் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: உள்ளூர் ரயிலுக்குத் தாள் சீட்டு வாங்கினால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரையிடுங்கள், செல்லுபடியான சீட்டு கையில் இருந்தும் முத்திரை இல்லாததால் அபராதம் கட்டுவோர் ஏராளம். வேலைநிறுத்த நாள்களில் காலை 6 முதல் 9 வரையிலும் மாலை 6 முதல் 9 வரையிலும் உள்ளூர் ரயில்களில் குறைந்தபட்சச் சேவை உறுதி. அந்த உறுதி வார நாள்களுக்கு மட்டுமே. ஞாயிறு மாலை திரும்புவோர் நீண்டதூர ரயிலில் இடம் பதிந்துகொள்வது நல்லது.