கிராமத் தொடக்கப் பள்ளியில் ஆங்கிலம்: கேள்வி பதில்

கேள்வி: மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஏ முதல் இசட் வரை கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ‘கேட்’ என்று மூன்றெழுத்தை எழுதிக் காட்டினால் முழிக்கிறார்கள். எங்கே தப்பு, டீச்சர்?

பதில்: அந்த ஒப்பித்தலில்தான். சி, ஏ, டி என்று கூட்டினால் ‘சீயேட்டீ’ வரும். பூனை எங்கிருந்து வரும்? தமிழில் ‘அ’வின் பெயரும் ஒலியும் ஒன்று. ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலி சுமார் 44. ஆகவே பெயரைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம், ஒலியை முதலில் கொடுங்கள். அகரவரிசையும் வேண்டாம். எஸ், ஏ, டி, பி, ஐ, என் ஆகிய ஆறில் தொடங்குங்கள். (நாம் குடிக்கும் டீயின் ‘டி’, பேனாவைச் சொல்லும் ‘பென்’னின் ‘பி’. தமிழில் எழுதினால் இரண்டு ‘டி’யும் ஒன்றாகிவிடுகிறது, என்ன செய்ய!) ஸிட், பின், நேப், டேப் என்று முதல் மாதத்திலேயே பிள்ளை தானாகப் படிக்கும்.

ஒலியைப் புள்ளி வைத்த மெய்யாகவே சொல்லுங்கள். ‘ஸ, இ, ட’ என்றால் ‘ஸிட்’ பிறக்காது. ‘ஸ், இ, ட்’ என்றால் பிறக்கும். க் + அ = க என்று கூட்டிப் பழகிய பிள்ளைக்கு இது கைவந்த வித்தை.

கேள்வி: எனக்கே ஆங்கிலம் சரளமாக வராது. கூச்சமாக இருக்கிறது.

பதில்: சரளம் பிறகு வரட்டும். எழு, உட்கார், கதவைத் தொடு மாதிரி இருபது கட்டளைகளைத் தயார் செய்துகொள்ளுங்கள். நீங்கள் சொல்லிச் செய்துகாட்டுங்கள், அவர்கள் செய்யட்டும். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1960களில் வகுத்த முறை இது. பிள்ளை வாய் திறக்காவிட்டாலும் விட்டுவிடுங்கள். காது நிறைந்தால் பேசும்.

கேள்வி: ஐந்து வகுப்பும் ஒரே அறையில். நான் ஒருத்திதான்.

பதில்: பாட்டும் கட்டளையும் எல்லாருக்கும் சேர்த்து. எழுத்து வேலை மட்டும் வகுப்புவாரியாக. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைச் சின்னவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

கேள்வி: ஆங்கிலப் பாடத்தில் தமிழ் பேசலாமா?

பதில்: தாராளமாக. விளையாட்டு விதியை ஆங்கிலத்தில் விளக்கிப் பத்து நிமிடத்தைத் தொலைக்காதீர்கள்.

கேள்வி: ‘பின்’னும் ‘பின்’னும் ஒன்றுபோலவே சொல்கிறார்கள். ஊசிக்கும் குப்பைத் தொட்டிக்கும் வித்தியாசமே இல்லை.

பதில்: நம் ‘ப’ இரண்டுக்கும் பொது, அவர்களைக் குறைசொல்ல முடியாது. மெல்லிய காகிதத்துண்டை உதட்டருகே பிடிக்கச் சொல்லுங்கள். ஊசியைச் சொல்லும்போது அது படபடக்க வேண்டும், தொட்டிக்கு அவ்வளவாக அசையக் கூடாது. வகுப்பே காகிதத்தோடு ஊதிக்கொண்டிருக்கும். அன்றைக்கு வேறு பாடம் வைத்துக்கொள்ளாதீர்கள்.