படிக்கும் பிள்ளையின் கவனத்தைப் போன் கலைக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகன் அடிக்கடி போனைத் தூக்குகிறான் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அறிவிப்புகளை நிறுத்துங்கள். அழைப்பு மட்டும் போதும். அப்புறம் திரையைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களின் செட்டிங்ஸில், போன் பாவனையைக் கட்டுப்படுத்த உதவும் டிஜிட்டல் வெல்பீயிங் பகுதியின் உறக்கநேர அமைப்பில் அது இருக்கிறது. செயலிமேல் மினுங்கும் சிவப்புப் புள்ளி சாம்பலானால் கண்ணை அவ்வளவாக இழுக்காது.

எனக்கு அதிகம் உதவியது தூரம்தான். மாலையில் டச்சு பே கடற்கரைக்குப் போகும்போது போனை அலுமாரியில் வைத்துவிடுவேன். முதல் வாரம் கை காற்சட்டைப் பையைத் தடவியபடியே இருந்தது. இப்போது வள்ளம் கரையேறும்வரை பார்த்துக்கொண்டு நிற்க முடிகிறது.

மகனிடம் பேசி, படிக்கும் நேரத்தில் போனை அடுத்த அறையில் வைக்கச் சொல்லுங்கள். விடிய எழும்ப ஒரு மணிக்கூடு வாங்கிக்கொடுங்கள். அலாரத்தைச் சாட்டிப் போன் கட்டிலுக்கு வராது.