ஐரிஷ்காரர்கள் சிரித்துப் பேசுகிறார்கள், ஆனால் வீட்டுக்குக் கூப்பிடுவதே இல்லையே, ஏன்?

கேள்வி கேட்டவர் டப்ளினில் ஐடி வேலையில் இருப்பவர், நம் ஆட்கள் நாலு பேரோடு வீடு எடுத்துத் தங்கியிருப்பவர் என்று நினைக்கிறேன். ஆபீசில் எல்லாரும் நலம் விசாரிக்கிறார்கள், பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்கிறார்கள், மழையைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுகிறார்கள், ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வா என்று ஒரு வார்த்தை வருவதில்லை. இதுதானே உங்கள் வருத்தம்?

காத்திருந்தால் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாமலே போகக்கூடிய ஒரு நாள் அவர்களுக்கு உண்டு. அன்றைக்குப் போங்கள்.

நம் பெரியவர்கள் சொல்வார்களே, நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய்விட வேண்டும் என்று. இதை நம்மைப் போலவே பிடித்து வைத்திருக்கும் ஜனங்கள் இவர்கள். நான் இங்கிலாந்தில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவள். அங்கே அடக்கம் நடக்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். இங்கே பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அதற்குள் ஊரே அந்த வீட்டுக்கு வந்து போய்விடும்.

எனக்குத் தென்காசிப் பக்கம். அயர்லாந்தின் மேற்கே மேயோ கவுண்டியில், நம் மாவட்டம் மாதிரி, ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். இந்தப் பக்கத்தில் மிட்வெஸ்ட் ரேடியோ தினமும் இறப்பு அறிவிப்பு வாசிக்கும். அந்த நேரத்தில் எங்கள் இல்லத்துச் சமையலறையில் ஒருவர் பேசினால் இன்னொருவர் கையைக் காட்டி அடக்குவார். அப்படி ஒரு நாள், நான் தினமும் ஷேவ் பண்ணிவிட்ட பெரியவரின் பெயர் வந்தது. மலையடிவாரத்தில் செம்மறி ஆடு வளர்த்தவர். காலையில் நுரை போடும்போதே "உங்க ஊர்ல மழை உண்டா?" என்று கேட்பார். குற்றாலச் சாரலைப் பற்றி நான் சொன்னதை மறந்துவிட்டு மறுநாளும் கேட்பார். மறுநாளும் சொல்வேன்.

உடலை வீட்டில் வைத்திருந்தார்கள். இங்கே அதை 'வேக்' என்பார்கள். கூட வேலை செய்யும் ஐரிஷ் பெண்மணி, எனக்கு அம்மா வயது, "நீ வருகிறாய்" என்றார். கேட்கவில்லை, சொன்னார். நான் இந்து, எனக்கு அங்கே என்ன முறை என்று தயங்கினேன். "கை குடுக்க மதம் எதுக்கு?" என்று வண்டியில் ஏற்றிவிட்டார்.

வீட்டுக்கு ஒரு மைல் முன்னாலேயே மஞ்சள் கோட்டு போட்ட ஆட்கள் டார்ச்சை அசைத்து வண்டிகளை ஒரு வயலுக்குள் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். போலீஸ் என்று நினைத்தேன். எல்லாரும் அக்கம்பக்கத்து விவசாயிகள். குழி தோண்டுவதும் அவர்கள்தான் என்றார் கூட வந்தவர். மேற்குப் பக்கத்தில் பல ஊர்களில் இன்னும் அப்படித்தான். தூறலில் நின்ற வரிசை வாசல் வழியாக உள்ளே போனது. முன்னறையில் திறந்த பெட்டி. பெரியவர் கோட்டு சூட்டோடு, மேயோ கால்பந்து அணியின் பச்சை சிவப்பு டை கட்டிப் படுத்திருந்தார். விரல்களில் ஜெபமாலை சுற்றியிருந்தது. சுவர் ஓரமாகப் பிள்ளைகளும் தங்கைகளும் நாற்காலியில். ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து "சாரி ஃபார் யுவர் ட்ரபிள்" என்று சொல்லிக்கொண்டே நகர வேண்டும். அவ்வளவுதான். நெஞ்சில் அடித்து அழ வேண்டாம், நீளமாகப் பேச வேண்டாம்.

மகளிடம் வந்தபோது என் கையை விடவில்லை. அண்ணன்களைக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு தினமும் ஷேவ் பண்ணினது இவங்கதான்" என்றார். பிறகு என்னைப் பெட்டிக்கு அருகில் அழைத்துப் போய், வகிடு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இல்லை. அவர் இடப்பக்கம் எடுப்பார், இறுதிச் சடங்குக்காரர்கள் வலப்பக்கம் எடுத்திருந்தார்கள். சொன்னேன். அலமாரியிலிருந்து அவருடைய சீப்பையே எடுத்து என் கையில் கொடுத்தார் அந்த மகள். வாரிவிட்டேன். வரிசை முழுக்க அதுவரை பொறுமையாக நின்றது.

சமையலறையில் டீ. நம் பக்கம் உடல் கிடக்கும் வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டோம், பச்சைத் தண்ணீர் குடிக்கவே யோசிப்போம். இங்கே பக்கத்து வீட்டுப் பெண்கள் ஏப்ரன் கட்டிக்கொண்டு முட்டை சாண்ட்விச்சும் ஹாம் சாண்ட்விச்சும் அடுக்குகிறார்கள். கோப்பைகள் சர்ச் ஹாலிலிருந்து வந்தவை. வேண்டாம் என்றால் காதில் வாங்குவதே இல்லை. குடித்தேன். வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன். என் அம்மா வளர்ப்பு அப்படி, அதையும் விட மாட்டேன்.

அந்த டீ மேசையில்தான் இரண்டு தாத்தாக்கள் எனக்கு மேயோவின் சாபக் கதையைச் சொன்னார்கள். இவர்களுடைய சொந்த ஆட்டமான கேலிக் (Gaelic) கால்பந்தில் மேயோ கடைசியாக அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றது 1951-இல். கோப்பையோடு லாரியில் திரும்பிய அணி ஃபாக்ஸ்ஃபோர்டு ஊரில் ஒரு சாவு ஊர்வலத்தைக் கண்டும் இறங்கி மரியாதை செய்யவில்லையாம். இந்த அணியில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை இனி கோப்பை கிடையாது என்று பாதிரியார் சபித்துவிட்டாராம். கடைசி ஆட்டக்காரர் 2021-இல் இறந்தார், அதற்குப் பிறகும் கோப்பை வந்தபாடில்லை. அப்படி ஒரு ஊர்வலமே அன்று இல்லை என்று மறுப்பவர்களும் உண்டு. எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. எழுபது வருஷத் தோல்விக்கு ஒரு ஊர் காரணம் தேடியபோது, சாவுக்கு மரியாதை செய்யாததுதான் அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள், அது எனக்குப் புரிகிறது.

வண்டியில் ஏற்றிவிட்டார் என்றேன் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே கிராமப்புறத்தில் கார் இல்லாவிட்டால் கால் இல்லாத மாதிரி. இந்திய லைசென்ஸை இங்கே மாற்றித் தர மாட்டார்கள். தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு வருஷக்கணக்கில் ஓட்டியவள் நான். எல் போர்டு மாட்டி, பக்கத்தில் இரண்டு வருஷமாவது முழு லைசென்ஸ் வைத்திருப்பவரை உட்கார வைத்துத்தான் ஓட்ட வேண்டும். டெஸ்டுக்குத் தேதி கிடைக்கவே எனக்கு மாதங்கள் ஆயின. பாஸ் ஆனபின் இரண்டு வருஷம், புதிதாக ஓட்டுபவர் என்று காட்டும் 'N' போர்டு. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்று சொன்ன தொகைக்கு நான் வாங்கிய பழைய காரைப் போல இன்னொன்று வாங்கியிருக்கலாம். விதி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் ஆள் வேண்டும் என்று நம்மை அழைக்கிறார்கள். நைட் டியூட்டி முடிந்து பஸ் இல்லாத ஊரில் எப்படி வீடு போவோம் என்று யாராவது யோசிக்க வேண்டாமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிறகு ஒரு குளிர்காலத்தில் என் அப்பா போய்விட்டார். நான் விமானம் மாறி மாறிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று அண்ணன் சொல்லிவிட்டான். தகனத்தை வாட்ஸாப் வீடியோவில் பார்த்தேன். ஹாலில் அப்பா போட்டோ வைத்து விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் காலிங் பெல் அடித்தது. அதுவரை வேலிக்கு அப்பால் நின்று மழை மட்டும் பேசிய பக்கத்து வீட்டுக்காரர், மனைவியோடு, கையில் சாண்ட்விச் தட்டு. பின்னாலேயே வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கூட்டம். அந்தப் பெரியவரின் மகளும் வந்தார், யார் சொன்னார்களோ தெரியாது. போட்டோ முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, எனக்கு, என் கணவருக்கு, ஏழு வயது மகனுக்கு என்று வரிசையாகக் கை கொடுத்தார்கள். சின்னப் பையன்தானே என்று அவனை விட்டுவிடவில்லை. கெட்டிலை அவர்களே போட்டார்கள், பாத்திரத்தையும் அவர்களே கழுவினார்கள். அன்றிலிருந்து அந்தப் பக்கத்து வீட்டுக்கு நாங்கள் பின்வாசல் வழியாகப் போகிறோம்.

உடனே சிலர் வருவீர்கள்: நீங்கள் நர்ஸ், அதனால் மதிக்கிறார்கள், கிராமத்தில் இருந்துகொண்டு டப்ளினைப் பற்றிப் பேசாதீர்கள். 2025 ஜூலையில் டப்ளின் டாலாவில் நம் ஆள் ஒருவரை அடித்துப்போட்டது எனக்கும் தெரியும். ஆகஸ்ட் முதல் தேதி இந்தியத் தூதரகமே எச்சரிக்கையாக இருக்கச் சொன்னதும் தெரியும். அந்த வாரம் என் தோழி டப்ளினில் இரவு பஸ் ஏறப் பயந்தாள், அவளிடம் இந்தக் கதையைச் சொல்லி ஆறுதல்படுத்த எனக்கு வாய் வரவில்லை. அடிக்கிறவன் இருக்கிறான். ஆனால் கேள்வி அவனைப் பற்றியது இல்லை. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பவர்களைப் பற்றியது. அவர்களைத்தான் நான் சொல்கிறேன்.

உங்கள் ஆபீசில் யாருக்காவது அப்பாவோ அம்மாவோ தவறினால் இறப்பு அறிவிப்புகள் போடும் ஆர்ஐபி டாட் ஐஇ (rip.ie) தளத்தில் பெயரைத் தேடுங்கள். வீட்டிலா, ஃபியூனரல் ஹோமிலா, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று எல்லாம் இருக்கும். இறந்தவரை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பிள்ளையைத் தெரிந்தால் போதும். கறுப்பு அல்லது அடர்நிறக் கோட்டு, கை கொடுங்கள், அந்த ஒரு வரி, கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். அறிவிப்பில் 'ஹவுஸ் ப்ரைவேட்' என்று போட்டிருந்தால் மட்டும் வீட்டுக்குப் போகாதீர்கள். அது குடும்பத்துக்கு மட்டும். அப்போது நேராகச் சர்ச்சுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள், பூசை முடிந்து வெளியே வரும்போது அவர்களே உங்களைப் பார்ப்பார்கள்.