வயலை விற்க முன்: அரச உத்தியோகத்தில் இருக்கும் பிள்ளையும் முழுச் செலவு முதுமாணியும்

தருமபுரத்தில் இருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

நீங்கள் கேட்டது இதுதான். மகள் அறிவியல் நகர் விவசாய பீடத்தில் நான்கு வருடம் படித்து, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவில் சித்தியடைந்து மூன்று வருடமாகிறது. பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகி இரண்டு வருடம். இங்கிலாந்தில் ஒரு வருட முதுமாணிக்கு இடம் எடுத்துத் தருவதாக முகவர் சொல்கிறார். வேலையை விடச் சொல்லி, இரண்டு ஏக்கர் வயலை விற்று அனுப்பலாமா?

வேண்டாம் அம்மா. அடுத்த இரண்டு வருடத்துக்காவது இரண்டையும் செய்யாதீர்கள். முழுச் செலவையும் தரும் புலமைப்பரிசில்களுக்கு மகளிடம் இருக்கிற பெரிய தகுதியே அந்த உத்தியோகம்தான். அதை விட்டுவிட்டுப் போனால், காசு கட்டிப் படிக்கிற ஆயிரம் பேரில் அவளும் ஒருத்தி.

கணக்கைப் பாருங்கள். பிரித்தானிய அரசின் செவ்னிங் புலமைப்பரிசிலுக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். அதை அவர்கள் 2,800 மணித்தியாலம் என்று எண்ணுகிறார்கள்; வாரம் 35 மணித்தியாலம் என்றால் 80 வாரம். சம்பளமில்லாத தொண்டு வேலையையும் சேர்க்கலாம், ஆனால் பட்டப்படிப்பின் கட்டாயப் பகுதியாகச் செய்த பயிற்சியைச் சேர்க்க முடியாது. ஜேர்மனியின் டாட் (DAAD) என்ற கல்விப் பரிமாற்ற நிறுவனம் அபிவிருத்தி சார்ந்த முதுமாணிகளுக்குத் தரும் புலமைப்பரிசிலுக்கும் இரண்டு வருட அனுபவம் தேவை. அதோடு கடைசிப் பட்டம் பெற்று ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் யப்பான் புலமைப்பரிசிலுக்கு, பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருட முழுநேர வேலை, பொதுவாக வயது 35க்குள். உலக வங்கியும் யப்பானும் சேர்ந்து தருவதற்கு, பட்டத்துக்குப் பின் அபிவிருத்தித் துறையில் மூன்று வருடம், விண்ணப்பிக்கும் நேரத்தில் சம்பளத்தோடு வேலையில் இருக்கவும் வேண்டும்.

இந்த நிபந்தனைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பட்டம் பெற்ற இரண்டாம் வருடத்தில் இருந்து ஆறாம் வருடம் வரைதான் ஆகக் கூடுதலான கதவுகள் திறந்திருக்கும் காலம் என்பது தெரியும். உங்கள் மகள் சரியாக அதற்குள் நிற்கிறாள். வன்னியில் நிறையப் பிள்ளைகள் இந்தக் காலத்தை "முதல்ல வேலை நிரந்தரமாகட்டும், பிறகு பாப்பம்" என்று கழித்துவிட்டு, ஏழாம் வருடத்தில் வந்து கேட்கிறார்கள். அப்போது பாதிக் கதவு பூட்டியிருக்கும்.

நிரந்தரமாவது முக்கியமில்லை என்று சொல்லவில்லை. அரச சேவையில் பொதுவாக மூன்று வருடம் தகுதிகாண் காலம். அதற்குள் வினைத்திறமைகாண் தடைதாண்டற் பரீட்சை சித்தியடைய வேண்டும். இரண்டாம் மொழித் தேர்ச்சிக்கும், அதாவது மகளுக்குச் சிங்களத்துக்கும், தனியாகக் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும். நியமனம் உறுதிப்படுத்தப்படாத உத்தியோகத்தருக்குச் சம்பளத்தோடு கற்கை விடுமுறை எடுப்பது கடினம். ஆனால் விண்ணப்பமும் பயணமும் ஒரே வருடத்தில் நடப்பதில்லை. செவ்னிங் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து ஒக்டோபர் அளவில் முடியும். தெரிவானால் படிப்பு அடுத்த வருடம் செப்டெம்பரில்தான் தொடங்கும். ஆகவே சேவையின் மூன்றாம் வருடத்தில் விண்ணப்பம், உறுதிப்படுத்தல் கடிதம் கையில் வந்த பிறகு நாலாம் வருடத்தில் பயணம். மகள் இந்த ஆகஸ்டிலேயே தொடங்கலாம்.

இதில் வழக்கமாகப் பிழைத்துப்போவது பரீட்சை அல்ல, கந்தோரில் இருக்கும் கோவைதான். பரீட்சை சித்தியடைந்த பெறுபேறு சுயவிபரக்கோவைக்குள் போடப்படாமல் கிடக்கும். பட்டச் சான்றிதழின் உறுதிப்படுத்தல் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்திராது. மருத்துவ அறிக்கை வேறு கந்தோரில் இருக்கும். உறுதிப்படுத்தல் கடிதம் பிந்துவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றால்தான். மகள் நாளைக்கே, உத்தியோகத்தர் விடயங்களைப் பார்க்கும் தாபனக் கிளையில் தன் கோவையைப் பார்த்து, என்ன இல்லை என்று எழுதி எடுக்கட்டும். பிறகு ஒவ்வொன்றையும் எழுத்தில் கேட்டு, கடித இலக்கத்தையும் திகதியையும் ஒரு கொப்பியில் குறித்து வைக்கட்டும்.

அடுத்தது விடுமுறை. நிறையப் பேர் இதைச் சலுகை கேட்பது போலக் கேட்டு ஏமாறுகிறார்கள். அரசு யாரைப் படிக்க அனுப்பும் என்று விளங்கிக்கொள்ள, இதை ஆகக் கறாராகச் செய்கிற இடம் ஒன்றைப் பாருங்கள். அமெரிக்க இராணுவம் தன் அலுவலர் சிலருக்குச் சம்பளமும் கல்விக் கட்டணமும் கொடுத்து, சாதாரணப் பல்கலைக்கழகங்களுக்கு முதுமாணி படிக்க அனுப்புகிறது. அந்தப் பட்டம் தேவைப்படும் பதவி எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் ஆளைத் தெரிவார்கள். படித்து முடித்தவர் அந்த மாதிரிப் பதவியில் வேலை செய்ய வேண்டும். படித்த ஒரு நாளுக்கு மூன்று நாள் என்ற கணக்கில் சேவைக் கடமையும் உண்டு. நம் சிவில் சேவை இவ்வளவு கறார் இல்லை. என்றாலும் கோவையில் கையொப்பமிடும் அதிகாரியின் மனதில் ஓடுகிற கேள்வி அதேதான்: இந்தப் படிப்பால் இந்தக் கந்தோருக்கு என்ன பயன், திரும்பி வருவாரா?

மகளின் விடுமுறைக் கடிதம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். "உயர்கல்வி கற்கும் நோக்குடன்" என்று மட்டும் எழுதினால் அது மேசையில் கிடக்கும். இப்போது பார்க்கும் கடமை எது, பாடநெறியின் எந்தெந்தப் பாடங்கள் அதோடு சேர்கின்றன, திரும்பி வந்து எந்த வேலையை வேறு விதமாகச் செய்யலாம், இல்லாத காலத்தில் கடமையை யார் பார்ப்பது என்று ஒரு பக்கத்துக்குள் எழுதட்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் இருந்தால் பிரதேச செயலாளருக்குச் சிபாரிசு எழுதுவது இலேசு.

கடிதம் போகிற பாதை நீளம்: பிரதேச செயலகம், மாவட்டச் செயலகம், பிறகு கொழும்பில் அமைச்சு. மாகாண சபையின் கீழ் வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் பாதை பிரதம செயலாளர் பக்கம் திரும்பும். வெளிநாடு போவதற்கான பொது 126 படிவமும் இதே வழியால் போக வேண்டும். புலமைப்பரிசில் கிடைத்த பிறகு முதல் தடவையாக இதையெல்லாம் கேட்கப் போனால் காலம் காணாது. விண்ணப்பிக்கிற அன்றே "விண்ணப்பித்துள்ளேன்" என்று உரிய வழியூடாக அறிவித்துக் கோவையில் போட்டு வைப்பது நல்லது.

சம்பளத்தோடு விடுமுறை தந்தால் அரசு ஒப்பந்தம் கேட்கும். திரும்பி வந்து குறித்த காலம் சேவை செய்வேன், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கட்டுவேன் என்று மகள் கையொப்பமிட வேண்டும், பிணையாளிகளும் வேண்டும். கனடாவில் இருக்கும் மாமா இதற்கு உதவமாட்டார். இங்கே நிரந்தர உத்தியோகத்தில் இருக்கும் ஆட்களை இப்போதே யோசித்து வையுங்கள். அவர்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், ஏனென்றால் பிள்ளை வராவிட்டால் கடன் அவர்கள் தலையில் விழும். சம்பளமில்லாத விடுமுறை வேறு விதம். 2022இல் வந்த 14ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை, வெளிநாட்டு வேலைக்கும் படிப்புக்கும் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறைக்கு வழி விட்டது. விண்ணப்பிக்கும் நேரத்தில் அந்த ஏற்பாடு எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தாபனக் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள், சுற்றறிக்கைகள் திருத்தப்படுவதுண்டு.

புலமைப்பரிசில் தருவோரும் திரும்பி வரச் சொல்கிறார்கள். செவ்னிங்கில் படிப்பு முடிந்து இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும், அவுஸ்திரேலிய அரசின் அவுஸ்திரேலியா அவார்ட்ஸ் புலமைப்பரிசிலிலும் இரண்டு வருடம். அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் புலமைப்பரிசிலில் போனவர், இரண்டு வருடம் நாட்டில் இருக்காமல் அங்கே நிரந்தர வதிவிடத்துக்கோ வேலை வீசாவுக்கோ போக முடியாது. "போனால் அங்கேயே நிண்டிடலாம்" என்ற எண்ணம் வீட்டில் யாருக்காவது இருந்தால் இப்போதே பேசித் தீருங்கள். அந்த எண்ணத்தோடு நேர்முகத்துக்குப் போகிற பிள்ளையின் பதில்களில் அது தெரிந்துவிடும்.

மகளின் பெறுபேறு போதும். பிரித்தானியா தரும் பொதுநலவாயப் புலமைப்பரிசிலுக்கு இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுதான் எல்லை. கீழ்ப்பிரிவில் நிற்கும் பிள்ளைகளுக்கு, துறை சார்ந்த பட்டப்பின் தகைமை ஒன்று இருந்தால் அங்கேயே வழி உண்டு. அவர்கள் பேராதனையில் விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகத்திலோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ முதலில் ஒரு முதுமாணியை முடிப்பது வீண் அல்ல. மூன்று வருடப் பொதுப் பட்டக்காரருக்கும் இதே ஆலோசனைதான், ஃபுல்பிரைட் போன்றவை நான்கு வருடப் பட்டத்தை எதிர்பார்ப்பதால்.

யப்பானின் ஜேடிஎஸ் திட்டம் அரச உத்தியோகத்தருக்கென்றே உள்ளது. இரண்டு வருட முதுமாணி, ஆங்கிலத்தில். ஆனால் அது நிறைவேற்றுத் தர உத்தியோகத்தர்களுக்கு. இப்போதைய பதவியில் மகளுக்குக் கிடையாது. பணியில் உள்ள படையினருக்கும் அதில் இடமில்லை. நிருவாக சேவைப் பரீட்சையோ திட்டமிடல் சேவைப் பரீட்சையோ எழுதிச் சித்தியடைந்தால் அந்தக் கதவும் திறக்கும். அதற்குப் படிப்பதை இதோடு சேர்த்தே செய்யலாம்.

ஆங்கிலம் பற்றிப் பயப்படுகிறீர்கள். செவ்னிங் தானாக ஆங்கிலப் பெறுபேறு கேட்பதில்லை, பல்கலைக்கழகம்தான் கேட்கும். அவுஸ்திரேலியா அவார்ட்ஸுக்கு ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் மொத்தம் 6.5, எந்தப் பகுதியும் 6.0க்குக் குறையக்கூடாது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் எழுத்துப் பகுதியில்தான் 5.5இல் நிற்பார்கள். வாசிப்பும் கேட்டலும் தனியே பழகலாம், எழுத்தை யாராவது திருத்தித் தர வேண்டும். வாரம் இரண்டு கட்டுரை, நான்கு மாதம். பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும், ஆகவே ஆக முந்தியும் எழுத வேண்டாம்.

இனிப் பெயர். சின்னதாகத் தெரியும், ஆனால் வன்னியில் இதுதான் ஆகக் கூடுதலாகக் காலத்தைத் தின்னும். இடம்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்து, பிறகு எடுத்த பிரதிகளில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பட்டச் சான்றிதழ் நாலையும் மேசையில் விரித்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். முதலெழுத்தாக இருப்பதும் முழுப்பெயராக இருப்பதும் வித்தியாசம்தான். கடவுச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்றால் பட்டச் சான்றிதழில் உள்ளபடி எடுக்கப் பாருங்கள். வவுனியாவில் கந்தோர் இருக்கிறது. ஏற்கனவே வேறுபட்டிருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி ஒன்று முடித்து வையுங்கள்.

சிபாரிசுக் கடிதம் தருபவர் இருவர் வேண்டும். ஒருவர் ஆய்வை மேற்பார்வை செய்த விரிவுரையாளர், மற்றவர் வேலையைக் கண்ணால் கண்ட மேலதிகாரி. பதவி பெரிது என்பதற்காக மகளைத் தெரியாத ஒருவரிடம் வாங்கினால் கடிதம் வெறும் புகழ்ச்சியாக இருக்கும். பிரதேச செயலாளருக்கு இடமாற்றம் வரலாம், விரிவுரையாளர் கற்கை விடுமுறையில் வெளிநாடு போகலாம். இருவரின் தனிப்பட்ட மின்னஞ்சலையும் இப்போதே வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

செவ்னிங்கில் மூன்று பாடநெறிகளைக் குறிப்பிட வேண்டும். அவற்றில் ஒன்றிலாவது நிபந்தனையற்ற அனுமதி செவ்னிங் குறிக்கும் திகதிக்குள் கிடைக்காவிட்டால் தெரிவானாலும் போக முடியாது. ஆகவே புலமைப்பரிசிலின் முடிவுக்காகக் காத்திராமல் பல்கலைக்கழகங்களுக்கும் கூடவே விண்ணப்பிக்க வேண்டும்.

கட்டுரைகளில் நம் பிள்ளைகள் செய்யும் பிழை ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். போரில் பட்டதை எழுதிவிட்டு, செய்ததை எழுதாமல் விடுகிறார்கள். பட்டது உண்மை, அதை மறைக்கச் சொல்லவில்லை. இரண்டு வரி போதும். மிச்சம் வேலையைப் பற்றி இருக்க வேண்டும். "மீள்குடியேறிய மக்களுக்குச் சேவை செய்தேன்" என்றால் தெரிவுக்குழுவுக்கு ஒன்றும் தெரியாது. எந்தக் குளத்தின் கீழ், எத்தனை குடும்பம், கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் என்ன தகராறு, அதை எப்படித் தீர்த்தாள், அடுத்த சிறுபோகத்தில் என்ன மாறியது என்று எழுதினால் அது வேறு யாரும் எழுத முடியாத கட்டுரை. இரணைமடுவின் வாய்க்கால் தண்ணீர் கடைசி வயலுக்கு ஏன் போய்ச் சேர்வதில்லை என்று விளங்கப்படுத்தத் தெரிந்த பிள்ளை, நீர் முகாமைத்துவ முதுமாணிக்கு ஏன் தகுதி என்று தனியாக வாதாடத் தேவையில்லை. இப்போதில் இருந்தே கள நாட்குறிப்பு ஒன்றை எழுதச் சொல்லுங்கள். ஆகஸ்டில் ஞாபகத்தில் இருந்து எண்களைத் தோண்ட முடியாது.

முகவர் "புலமைப்பரிசிலும் எடுத்துத் தருவோம்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நான் மேலே சொன்ன புலமைப்பரிசில் எதற்கும் விண்ணப்பக் கட்டணம் இல்லை, முகவர் வழியும் இல்லை. அதற்கென்று கேட்கப்படும் காசு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

கலியாணம் பேசி வருகிறதே என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். 2024 ஜனவரியில் இருந்து, இங்கிலாந்தில் சாதாரண முதுமாணிக்குச் சொந்தக் காசில் போகிறவர் துணையைக் கூட்டிப்போக முடியாது. அரசு நிதியுதவியில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்குப் போகிறவருக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் துணையின் செலவைப் புலமைப்பரிசில் ஏற்காது, அதைக் குடும்பம்தான் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரு வருடப் படிப்பையும் திரும்பி வந்து இரண்டு வருடம் இங்கே இருக்க வேண்டியதையும் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.