மான் வாலும் மயிலிறகும் பெட்டிக்குள் இருந்தால்

உப்புவெளியில் படகு ஓட்டும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நிலாவெளிக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவரிடம் ஃபிளை, அதாவது மீனை ஏமாற்றும் பூச்சி மாதிரியான பொய் இரை, கட்டப் பழகி, இப்போது பாரை மீனுக்கென்றே தூண்டில் முள்ளில் இறகும் மயிரும் சுற்றித் தானே கட்டுகிறாராம். மெல்பேர்னில் இருக்கும் அத்தான் டிக்கெட் போட்டிருக்கிறார், அங்கிருந்து நியூசிலாந்துக்கும் ட்ரவுட் மீன் பிடிக்கப் போகிறார்கள். கேள்வி இதுதான்: வைஸ் (கட்டும்போது முள்ளைப் பிடித்துக்கொள்ளும் இடுக்கி), கத்தரிக்கோல், முள், பசை எல்லாம் விமானத்தில் விடுவார்களா? கன்னியாவில் பொறுக்கிய மயிலிறகு, ஒரு காட்டுக்கோழிக் கழுத்துத் தோல், திருகோணமலைக் கோட்டைக்குள் செத்துக் கிடந்த மானின் வால், இவற்றையும் கொண்டுபோகலாமா? அத்தானின் கூட்டாளிகள் காசுக்குக் கேட்கும் இருநூறு ஃபிளை?

தம்பி, நீங்கள் முள்ளுக்கும் கத்தரிக்கோலுக்கும் பயந்து ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், மான் வாலுக்கு ஒரே ஒரு வரி. பயம் தலைகீழாக இருக்கிறது. முள் பிடிபட்டால் முள்தான் போகும். வால் பிடிபட்டால் பயணமும் போய் வழக்கும் வரும்.

முதலில் நம் பக்கம், இலங்கை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, 2009இல் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். காட்டு விலங்கையோ பறவையையோ அதன் ஒரு பாகத்தையோ வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. இறகும் பாகம்தான், வாலும் பாகம்தான். "உதிர்ந்ததுதானே பொறுக்கினேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது இந்தியக்காரர்களின் வீடியோ பார்த்து வந்த நம்பிக்கை என்று நினைக்கிறேன். தானாக உதிர்ந்த மயிலிறகுக்கு அவர்களுடைய 1972ஆம் ஆண்டுச் சட்டம் உள்நாட்டுக்குள் ஒரு விலக்குத் தருகிறது, ஆனால் அங்கிருந்தும் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. நம் சட்டம் வேறு. காட்டுக்கோழியோ நம் தேசியப் பறவை, இந்த நாட்டைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாதது. அந்தக் கழுத்துத் தோலைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விரித்து வைத்துக்கொண்டு என்ன விளக்கம் சொல்வீர்கள்?

கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் அந்த மான்களை நானும் தினமும் பார்க்கிறேன், வாழைப்பழத் தோலுக்குப் பின்னால் ஆடு மாதிரித் திரியும், அதனால் வீட்டு மிருகம் என்ற நினைப்பு நமக்கு வந்துவிட்டது. சட்டத்துக்கு அது புள்ளிமான், காட்டு விலங்கு. நாய் கடித்துச் செத்ததா வண்டி அடித்துச் செத்ததா என்பது வாலை வைத்திருப்பவருக்கு உதவாது. வால் இப்போது வீட்டில் இருப்பதே ஒரு விஷயம், அதைப் பற்றி இதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன், நேரில் வாருங்கள். அதுவரை படம் எடுத்து யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

இதற்கு மேல் சுங்கக் கட்டளைச் சட்டம், அது 1869இலிருந்து இருக்கிறது. தடுத்த பொருளைப் பறிமுதல் செய்வதோடு பெறுமதியின் மூன்று மடங்கு வரை தண்டமும் விதிக்கலாம். என்னிடம் வந்த ஒருவர் வெளிநாட்டுக் கோயிலில் காவடி எடுக்க மயிலிறகுக் கட்டோடு போய், அரை நாள் இருந்து, விமானத்தைத் தவறவிட்டுத் திரும்பினார். நேர்த்திக்கடன் என்று சொன்னது எடுபடவில்லை.

சரி, எதைக் கொண்டுபோகலாம்? கடையில் பக்கெட்டில் வாங்கிய, சாயம் போட்ட வீட்டுக்கோழி இறகு, வான்கோழித் தூவி, செயற்கை இழை. பக்கெட்டைப் பிரிக்காதீர்கள், பெயர் அச்சிட்ட அட்டையும் பற்றுச்சீட்டும் அதனுடனேயே இருக்கட்டும். ஊர்ச்சேவலின் இறகு குற்றமில்லை, ஆனால் தோல் ஒட்டிய பச்சைக் கழுத்தை உப்புப் போட்டுக் காயவைத்துக் கொண்டுபோனால் அந்தப் பக்கம் நிச்சயம் தடுப்பார்கள்.

அந்தப் பக்கம் என்பது அவுஸ்திரேலியாவின் 2015ஆம் ஆண்டு உயிர்ப்பாதுகாப்புச் சட்டம். விமானத்தில் தரும் அட்டையில் விலங்குப் பொருள் உண்டா என்ற கேள்விக்கு "ஆம்" போடுங்கள். கட்டி முடித்த ஃபிளையும் விலங்குப் பொருள்தான். "ஆம்" போட்டால் அதிகபட்சம் பொருளை எடுப்பார்கள், மறைத்தால் அபராதம், விசிட் விசாவை அங்கேயே ரத்துச் செய்யவும் முடியும். அத்தான் "ஒன்றும் கேட்க மாட்டார்கள்" என்று சொல்வார், அவர் வெளியே கோப்பியோடு நிற்பார், கையெழுத்துப் போடுவது நீங்கள். நியூசிலாந்தில் சொல்லாமல் விட்டால் அந்த இடத்திலேயே 400 டொலர். பழைய தூண்டில், சப்பாத்து எல்லாவற்றையும் மண் போகக் கழுவி நன்றாகக் காயவைத்துக் கொண்டுபோங்கள், அடியில் ஃபெல்ட் என்ற தடித்த கம்பளித் துணி ஒட்டிய சப்பாத்துக்கு அங்கே ஆற்றில் தடை.

ஆயுதம் என்று பயந்த சாமான்கள்: கத்தரிக்கோல், முள், ஊசி, வைஸ் எல்லாம் கீழே போகும் பெட்டியில். முள்களைத் தீப்பெட்டி மாதிரி மூடிய டப்பாவில் போடுங்கள், பெட்டியைச் சோதிப்பவரின் விரலில் ஏறக்கூடாது. பசையில்தான் பலர் மாட்டுகிறார்கள். முடிச்சுக்கு மேல் பூசும் அந்த வார்னிஷ் தீப்பிடிக்கும் திரவம், கைப்பையிலும் கூடாது, கீழ்ப் பெட்டியிலும் கூடாது. வேடிக்கை என்னவென்றால் அதே மணம் அடிக்கும் நகப்பூச்சு அலங்காரப் பொருள் என்ற கணக்கில் போகலாம், ஆகவே ஒரு சின்னப் போத்தல் நகப்பூச்சு கொண்டுபோங்கள், வேலை நடக்கும். பசையை உலர்த்தும் யூவி (புறஊதா ஒளி) டார்ச்சின் மேலதிக லித்தியம் பற்றரி கட்டாயம் கைப்பையில்தான். டிக்கெட் சென்னை வழியாக, அங்கே பெட்டியை எடுத்துத் திரும்பப் போடுகிற மாதிரி இருந்தால் இந்தியச் சட்டமும் உங்களைப் பிடிக்கும், அதையும் பாருங்கள்.

கடைசியாக அந்த இருநூறு. ஒருவர் தன் மீன்பிடிப்புக்கு முப்பது நாற்பது கொண்டுபோவது யாருக்கும் விளங்கும். இருநூறு என்றால் வியாபாரம். பெரியவர்களுக்கு அவுஸ்திரேலியா தரும் 900 டொலர் வரிச்சலுகை விற்கிற சரக்குக்குக் கிடையாது, விசிட் விசாவில் போய் சம்பாதிக்கிற கேள்வியும் சேர்ந்து வரும். விற்க விரும்பினால் செயற்கை இழையில் கட்டி, விலைப்பட்டியலோடு, பார்சலாக முறையாக அனுப்புங்கள். பயணத்தோடு அதைக் கலக்க வேண்டாம். வரும்போது டிக்கெட் பிரதியையும் எடுத்து வாருங்கள், இடையில் எங்கே இறங்குகிறீர்கள் என்று பார்க்க வேண்டும்.