ஆர்பிஜி வகை (ஒரு பாத்திரத்தை ஏற்று, அதை வளர்த்துக்கொண்டே ஆடும்) வீடியோ கேம்களில் கதை முக்கியமா, விளையாடும் முறை முக்கியமா?

விளையாடும் முறை என்பேன். கதை பிடிக்காதவன் சொல்லும் பதில் இல்லை இது. கதைக்காகவே இந்த வகை கேம்களைத் தேடித் தேடி விளையாடுகிறவன் நான். (சில கேம்களின் முக்கியத் திருப்பங்களைச் சொல்லப் போகிறேன். அண்டர்டேல், ஃபைனல் ஃபேன்டசி 7 இரண்டையும் இனிமேல்தான் விளையாடப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.)

அண்டர்டேல் 2015-இல் வந்தது. டோபி ஃபாக்ஸ் பெரும்பாலும் தனியாளாக உருவாக்கியது. தொடக்கத்திலேயே டோரியல் என்பவள் நம்மைக் காப்பாற்றி, வீட்டுக்கு அழைத்துப்போய்த் தாயைப்போலப் பார்த்துக்கொள்கிறாள். நாம் கிளம்ப நினைத்தால் வழிமறித்துச் சண்டையிடுகிறாள். கொஞ்சம் அடித்தால் பணிந்துவிடுவாள் என்று, மற்ற கேம்களில் பழகிய கையோடு அடித்தேன். பலம் ஓரளவு குறைந்ததும், அடுத்த ஒரே அடியில் இறந்துபோனாள். பதறிப்போய், சேமித்து வைத்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். இந்த முறை ஓர் அடிகூட அடிக்காமல், அவள் மனம் மாறும்வரை இரக்கம் காட்டும் தேர்வையே திரும்பத் திரும்ப அழுத்தி வெளியே வந்தேன். அங்கே ஃபிளாவி என்ற பூ காத்திருந்தது. நான் அவளைக் கொன்றதும், பிறகு வருந்தித் திரும்பிப் போனதும் தனக்குத் தெரியும் என்றது.

எத்தனையோ கேம்களில் யோசிக்காமல் செய்த காரியம் அது. சேமித்த இடத்துக்குத் திரும்புவது ஒரு வசதி, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அதையே இந்த கேம் என் குற்றமாக எடுத்து நீட்டியது. இதை ஒரு நாவலில் படித்திருந்தால் கொன்றவன் வேறு யாரோ. இங்கே அடித்தது என் விரல். கொன்றால்தான் லெவல் ஏறும்; ஒருவரையும் கொல்லாமல் போனால் கடைசிவரை முதல் லெவலிலேயே, 20 உயிர்ப்புள்ளிகளோடு திண்டாட வேண்டும். கருணைக்கு என்ன விலை என்பதை யாரும் வசனத்தில் சொல்லவில்லை. ஒவ்வொரு சண்டையிலும் நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

இதற்கு எதிராக எல்லாரும் காட்டுவது 1999-இல் வந்த பிளேன்ஸ்கேப்: டார்மென்ட். அதன் சண்டைகள் சுமார்தான், எழுத்துக்காகவே அதைக் கொண்டாடுகிறோம் என்பார்கள். உண்மை. ஆனால் அதன் நாயகன் சாகமுடியாதவன்; அவன் விழுந்தால் கேம் முடிவதில்லை, மறுபடி எழுந்து நடக்கிறான். கதையின் மையமான சாபம் அப்படியே விளையாட்டின் விதி. டிஸ்கோ எலிசியத்தில் (2019) தனியாகச் சண்டை முறையே கிடையாது. அங்கே நாயகனின் 24 திறன்களும் தலைக்குள்ளிருந்து பேசுகின்றன. எதற்குப் புள்ளி போடுகிறோமோ அதன் குரல் ஓங்குகிறது. எண்களே பாத்திரங்களாகிவிட்ட இந்த கேமில் கதை எங்கே முடிகிறது, விளையாட்டு எங்கே தொடங்குகிறது என்று எனக்குக் கோடு போடத் தெரியவில்லை.

ஃபைனல் ஃபேன்டசி 7-ஐ (1997) கடைசிக்கு வைத்திருந்தேன், ஏனென்றால் அதில் விளையாட்டின் விதியும் கதையும் மோதுகின்றன. மூன்று பேர் கொண்ட என் அணியில் ஏரித் என்ற பெண்ணுக்கு எப்போதும் இடம் உண்டு. காயங்களை ஆற்றுவது அவள் வேலை. பல டிஸ்குகளில் வந்த அந்த கேமின் முதல் டிஸ்க் முடிவில் அவளைக் கொன்றுவிடுகிறார்கள். சண்டையில் விழுந்தவரை எழுப்பும் பீனிக்ஸ் டவுன் என்ற பொருள் என் பையில் நிறையவே இருந்தது. இங்கே மட்டும் ஏன் அது உதவாது என்று அன்று அத்தனை ஆத்திரம் வந்தது. கதை விதியை மீறிவிட்டது என்று குறை சொல்பவர்களை இன்றும் பார்க்கிறேன், அந்தக் குறை நியாயமானதுதான். அவள் இறந்த உடனே அடுத்த சண்டை. அதில் வழக்கமான சண்டை இசை இல்லை. அவளுக்கான இசையே தொடர்ந்து ஒலிக்கிறது. பிறகு அணியில் அவள் இடத்தில் வேறொருவரைச் சேர்த்து, அவருக்குக் காயம் ஆற்றும் மந்திரங்களைக் கொடுத்தேன். வேலை நடந்தது. ஆனாலும் வெகுநாள்வரை அணியைத் தேர்ந்தெடுக்கும் திரை வந்தாலே என் கண் முதலில் அவள் முகத்தைத்தான் தேடியது.